ஓட்டு இல்லாதவர் செய்த சத்தியம்

கண்ணையனுக்குக் கடைசிவரை ஓட்டு இருந்ததில்லை. கிளியனூருக்கு மேற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லோடைக் குப்பத்தில் நாற்பத்தாறு வீடுகள். 1937-ல் அவற்றில் ஒன்பது பேருக்குத்தான் ஓட்டு; வரி கட்டும் அளவுக்கு நிலம் வைத்திருந்தவர்கள். கண்ணையன் திண்டிவனம் சாலைக்கு ஜல்லி உடைத்தவர். ஆனாலும் குப்பம் எந்தக் கட்சிப் பக்கம் என்பதை இரண்டு தேர்தல்களில் ஊர் சார்பாகச் சொன்னவர் அவர்தான். இதில் அவருடைய அறிவுக்கும் பேச்சுக்கும் பங்கில்லை. உள்ளங்கைக்குத்தான் பங்கு.

அந்தப் பக்கத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வெறும் வாய்ச்சொல்லை நம்பமாட்டார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் சூடம் கொளுத்துவார்கள். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஒன்பது பேரும் அணைத்தால் ஒன்பது பேர் கையிலும் கொப்புளம். அது அறுப்புக் காலம். கொப்புளக் கையோடு அரிவாள் பிடிக்க முடியாது. ஊர் நாட்டாமை பாண்டுரங்கன் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"கண்ணையா, ஒன் கைதான் காப்புக் காச்சிக் கெடக்குதே. ஊருக்காவ நீயே அணச்சிடு."

"எனக்குத்தான் ஓட்டே இல்லியே, மாமா."

"அம்மன் இன்னா, லிஸ்ட்டா பாத்துக்கினு உக்காந்துகீது?"

கண்ணையன் ஒப்புக்கொண்டார். பாண்டுரங்கன் நினைத்ததுபோல் ஊருக்காக அல்ல. அவருக்கு வேறொரு கணக்கு இருந்தது.

அதற்கு முந்தின ஐப்பசியில் அவருடைய தாய் இறந்திருந்தாள். இடுகாடு ஓடைக்கு அக்கரையில். ஓடையில் மார்பளவு தண்ணீர், மாட்டையே புரட்டும் வேகம். பிணம் மூன்று நாள் வீட்டில் கிடந்தது. கண்ணையன் மழையில் போய்ப்போய் ஓடையைப் பார்த்துவிட்டு வந்தார். பிணத்தின் தலைமாட்டில் சாம்பிராணி போட்டுக்கொண்டு, ஈ ஓட்டிக்கொண்டு மூன்று நாளும் உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி கோவிந்தம்மாள். மூன்றாம் நாள் காலை அவள் விசிறியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தாயா. நான் செத்தா இப்டிப் போட்டு வெக்கக் கூடாது. அன்னிக்கே கொண்டு போயிடணும்."

"ஓடய நானா நிறுத்துறது?"

"அது ஒன் பாடு. வெக்கமாட்டேன்னு சொல்லு."

"வெக்கமாட்டேன்."

இதற்குச் சூடம் எதுவும் கொளுத்தவில்லை.

ஆகவே தை மாதம் மிராசுதார் வில்வண்டியில் வந்து இறங்கி, தன் கட்சிக்காரர் ஜெயித்த மறுமாதம் ஓடைக்குப் பாலம் வரும் என்று சொன்னபோது, கண்ணையன் அதிகம் யோசிக்கவில்லை. சூடத்தின்மேல் கையை வைத்தார். எடுத்தார். உள்ளங்கையில் கரி மட்டும் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். சுடாத கையால் செய்த சத்தியம் சத்தியம்தானா என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பது பேரும் மிராசுதார் வண்டியில் போய், மிராசுதார் சோற்றைச் சாப்பிட்டு, மிராசுதார் பெட்டியிலேயே ஓட்டுப் போட்டார்கள். அப்போதெல்லாம் கட்சிக்கொரு பெட்டி. அந்தத் தேர்தலில் மற்ற ஊர்க்காரர்களும் அதே வண்டியில் போனார்கள், அதே சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். பெட்டியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். மிராசுதாரின் ஆள் தோற்றார்.

கண்ணையன் பாலத்தைக் கேட்கப் போனார். "ஜெயிச்சாத்தான்டா பாலம்னேன்" என்றார் மிராசுதார். நியாயம்தான். ஜெயித்தவர்கள் பக்கம் போனார். அங்கே கதர் சட்டை போட்டிருந்தவர் திண்டிவனத்தில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த நடராசன். "ஒங்க ஊரு ஓட்டு எந்தப் பொட்டியில வுழுந்துச்சின்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர். அதுவும் நியாயம்தான்.

சுற்றியிருந்த ஊரெல்லாம் கதர்ப் பக்கம் சாய்ந்தது. குப்பத்துக்கும் சாய ஆசை. ஆனால் சாய முடியவில்லை. அப்போதுதான் ஒரு பிழை தெரியவந்தது. சத்தியத்துக்குக் கெடு வைக்க மறந்திருந்தார்கள். 'இந்தக் கட்சிக்குத்தான்' என்று சொன்னார்களே தவிர, 'இந்த ஒரு தேர்தலுக்கு' என்று சொல்லவில்லை. மிராசுதாரே கட்சியை விட்டு ஒதுங்கிவிட்டார். கட்சியும் ஏறக்குறைய படுத்துவிட்டது. கல்லோடைக் குப்பம் மட்டும் அதற்கு விசுவாசமாக இருந்தது, எட்டு வருஷம்.

கடைசியில் திருவக்கரைக் காளி கோயிலுக்குப் போய்க் கேட்டார்கள். சத்தியம் செய்தவன் பௌர்ணமியன்று காளி சன்னதியில் மொட்டை போட்டு, ஒரு சேவலும் ஒரு மரக்கால் கேப்பையும் அபராதமாகக் கொடுத்தால் சத்தியம் இறங்கும் என்று ஒரு பெரியவர் சொன்னார். ஓட்டு இருந்த ஒன்பது பேரும் தலைமுடியோடு வண்டியில் போனார்கள். கண்ணையன் மட்டும் மொட்டையோடு திரும்பி வந்தார்.

கோவிந்தம்மாள் அவர் தலையைத் தடவிப் பார்த்தாள். "ஒம்போது ஓட்டுக்கு ஒரு மண்ட. மலிவுதான்."

1946-ல் கதர்க் கட்சிக்கு ஓட்டுக் கேட்டு நடராசன் வந்தார். எதிர்த்து நிற்க வலுவான ஆள் இல்லை. சத்தியமே தேவைப்படாத தேர்தல். ஆனாலும் வழக்கம் வழக்கம். இந்த முறை பாண்டுரங்கன் உஷாராக இருந்தார். 'இந்த ஒரு தேர்தலுக்கு மட்டும்' என்று மூன்று தரம் உரக்கச் சொன்ன பிறகே கண்ணையன் சூடத்தை அணைத்தார். பதிலுக்கு நடராசன் பாலத்துக்கு வாக்குக் கொடுத்தார். அவர் சூடத்தைத் தொடவில்லை. பெரிய மனிதர்களின் கை அதற்குப் பழக்கமில்லை.

நடராசன் சொன்ன சொல் தவறவில்லை. பாலம் வந்தது. 1948 ஆவணியில் வேலை முடிந்தது. முப்பதடி நீளம், பத்தடி அகலம், நடுவில் ஒரு தூண். பூச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. பெருவெள்ள மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு உயரம் வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கும் சரி. அதனால் பாலத்தின் மேல்தளம் இரு கரையையும்விட ஐந்தடி மூன்று அங்குலம் உயரத்தில் நின்றது. கரையிலிருந்து பாலத்துக்கு ஏற, இரு பக்கமும் மண் கொட்டிச் சரிவு போட வேண்டும். அதைப் போடவில்லை.

கண்ணையன் ஓவர்சியரிடம் கேட்டார்.

"செலவுக் கணக்குல பாலம் வேற ஹெட்டு, மண் வேல வேற ஹெட்டு" என்றார் ஓவர்சியர். "அது அடுத்த வருசத்து ஐட்டம்."

திறப்பு விழாவுக்குச் சாலைப் பக்கம் பலகையால் படிக்கட்டு போட்டு வாழைமரம் கட்டினார்கள். நடராசன் படியேறி, ரிப்பன் வெட்டி, பாலத்தின் பாதிவரை நடந்து, குப்பத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி இறங்கினார். மறுநாள் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குப்பத்துக்காரர்கள் இரு பக்கமும் மூங்கில் ஏணி சார்த்திக்கொண்டார்கள். ஆள் ஏறலாம். ஆடு ஏறாது.

கார்த்திகையில் கோவிந்தம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் காலை, கேப்பைக் கஞ்சி இரண்டு வாய் குடித்துவிட்டு, போதும் என்று கையால் காட்டினாள். அவ்வளவுதான். வெளியே மழை விடவில்லை. ஓடை கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மதியத்துக்குள் பாடை கட்டிவிட்டார்கள். மழையிலேயே தூக்கிவந்து பாலத்தடியில் நின்றார்கள். அங்கே சிக்கல் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி வீட்டிலிருந்து புறப்படும்போது பிணத்தின் கால் முன்னே போக வேண்டும். ஓடை தாண்டிய பிறகுதான் பாடையைத் திருப்பித் தலையை முன்னே கொண்டுபோவார்கள். இப்படியே ஏணியில் ஏற்றினால் கால் மேலேயும் தலை கீழேயும் இருக்கும்.

"பொணத்தத் தலகீழா ஏத்துறதா?" என்றார் பாண்டுரங்கன். "திருப்பிக்கோங்க. தல மொதல்ல போவட்டும்."

"ஓட தாண்டாத திருப்புனா அவ வூட்டுக்கே திரும்பி வந்துடுவா" என்றாள் கோவிந்தம்மாளின் அக்கா அஞ்சம்மாள்.

"வந்தா வரட்டும். ஒன் தங்கச்சிதானே."

"ஒங்க வூட்டுக்கு வரட்டும், நாட்டாம. அப்பத் தெரியும்."

பாடையைத் தூக்கியிருந்த நான்கு பேரும் தோள் மாற்றிக்கொண்டார்கள். "ஜல்தி சொல்லுங்கப்பா, கை வுட்டுப் போவுது" என்றான் ஒருவன். நாளைக்கு மழை விட்டுவிடும், தண்ணீர் வடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னார்கள். சிலர் தலையாட்டினார்கள்.

கண்ணையன் முன்னே வந்தார். ஏணியைப் பிடுங்கி ஓரமாகச் சார்த்தினார். "கவலை வடம் ரெண்டு கொண்டாங்க" என்றார். கிணற்றில் நீர் இறைக்கும் வடங்கள் வந்தன. பாடையின் நான்கு மூலையிலும் கட்டினார். பாலத்தின்மேல் நான்கு பேரை நிறுத்தினார். "ஒரு சாண், ஒரு சாணா இழுக்கணும். ஒரு மூல ஒசந்தாலும் நிறுத்தணும்." கீழே நின்று ஒவ்வொரு சாணுக்கும் அவரே குரல் கொடுத்தார். கால் முன்னேயே இருந்தது. தலை தாழவில்லை. கோவிந்தம்மாள் ஐந்தடி மூன்று அங்குலம் மட்டமாக மேலே போனாள். அக்கரையில் அதேபோல் மட்டமாக இறங்கினாள். முழுவதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

விளக்கு வைக்கும் முன்பே மண் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கே.

அடுத்த வருஷம் ஜில்லா போர்டு தேர்தல் வந்தது. இந்த முறை நடராசனே நின்றார். குப்பத்தில் ஓட்டு முப்பத்தொன்றாகியிருந்தது. எதிரே, நம்ம சனத்துக்கு நம்ம ஆள் என்று சொல்லிக்கொண்டு புதிதாகக் கிளம்பிய சங்கத்தின் சார்பில் கோதண்டபாணி என்று ஒருவர். ஏழெட்டு காணி மானாவாரி உள்ளவர். சைக்கிளில் வந்தார். அவரிடம் கொடுக்க எதுவும் இல்லை. அதனால் கேட்கவும் கூச்சப்பட்டார்.

நடராசன் காரில் வந்தார். கார் அக்கரையில் நின்றது. ஏணியில் ஏறி இறங்கி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. இந்த ஆண்டு மண் வேலை நிச்சயம் என்றார். சூடம் கொளுத்தினார்கள்.

"கண்ணையன் எங்க?" என்றார் நடராசன்.

கண்ணையன் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். அசையவில்லை.

"வாய்யா. காத்துல அணஞ்சிடப் போவுது."

"எனக்கு வேணாங்க" என்றார் கண்ணையன்.

"இன்னா வேணாம்?"

"பாலம்."

நடராசனுக்குப் புரியவில்லை. "ஊருக்கு வேணாமா?"

"ஊருக்கு வேணும்னா ஊரு அணைக்கட்டுங்க. எனக்கு ஓட்டும் இல்ல. ஆவ வேண்டியதும் ஆயிடுச்சி."

நடராசன் பாண்டுரங்கனைப் பார்த்தார். பாண்டுரங்கன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஓட்டு உள்ள முப்பத்தொரு பேரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். சூடம் எரிந்து தீர்ந்து, தட்டில் கரி மட்டும் மிஞ்சியது. நடராசன் ஏணியேறிப் போய்க் காரில் கிளம்பினார். பிறகு பாண்டுரங்கன் சொன்னார்: "அப்பறம் இன்னா பேஜாரு? நாம யாருக்கும் சத்தியம் பண்ணல. யாருக்கு வேணா போடலாம்." இப்படி ஒரு வசதி இருப்பது அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்றானபோது, முப்பத்தொன்றும் சைக்கிள்காரருக்கு விழுந்தது. பக்கத்து ஊர்களிலும் அப்படித்தான். அங்கெல்லாம் வேறு வேறு ஏணிகள் இருந்திருக்க வேண்டும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் படித்தவர்கள் பேப்பரை விரித்து வைத்து, இந்தச் சனம் விழித்துக்கொண்டது என்றார்கள். வேறு சிலர் சாதிப்பற்று என்றார்கள். கல்லோடைக் குப்பத்துக்கு வந்து யாரும் கேட்கவில்லை.

முடிவு தெரிந்த அன்று பாண்டுரங்கன் சாலைக்கே வந்துவிட்டார். கண்ணையன் புளியமரத்தடியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சிட்டோம், கண்ணையா."

"யாரு?"

"நாமதான். நம்ம ஆளு. இனிமே மண்ணு வந்துடும் பாரு."

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சில்லு தெறிக்கும்."

பாண்டுரங்கன் தள்ளி நின்றார். அப்படியே மற்றவர்களுக்குச் சொல்லப் போனார். கண்ணையன் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அடுத்த கல்லை எடுத்தார். அன்று அவர் உடைத்தது எட்டு கன அடி. கோவிந்தம்மாள் இருந்தவரை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு.