தகரத்துக்கு அந்தப் பக்கம்

என் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இதைச் சொல்லும்போது எனக்கு அடக்கமெல்லாம் வராது. பெருமையாகவே சொல்கிறேன், கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

அப்போது நாங்கள் லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டுகிறவர்கள், மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. மகளுக்கு ஆறு வயது. ஏழானால் பெண்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தை தூக்க விடுவார்கள். பத்தானால் புல்வெட்டு. அதற்கப்புறம் உளியும் வாளியும்தான், கண்ணை மூடும்வரை. என் இரண்டு உள்ளங்கையும் காய்ப்புப் பிடித்துக் கிடந்தன. அந்தக் கையை நான் அவளுக்குக் கொடுப்பதாக இல்லை.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டகை இருந்தது. ஒரு வாத்தியார், நான்கு பெஞ்சு. நான்கிலும் பையன்கள். நான் போய் மகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். வாத்தியார் தலையை ஆட்டினார்.

"பொம்பளப் புள்ளைக்கு எடம் ஏதும்மா? பையனுங்களுக்கே பத்தல. வாசிக்கத் தெரிஞ்ச புள்ளன்னா பரவால்ல, பெரிய பையனுங்களோட ஒக்கார வெச்சிடலாம்."

"அப்ப வாசிக்கத் தெரிஞ்சா சேத்துக்குவீங்களா ஐயா?"

"தெரிஞ்சா கூட்டிட்டு வா, பாக்கலாம். கோயில் திருவிழா முடிஞ்சதும் பேரு எழுதுவேன்."

என்னை வாசலோடு அனுப்புவதற்காகச் சொன்ன வார்த்தை அது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதானே? நான் கல்யாணத்துக்கு முன்னால் தங்காக்கில் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள் என்று அவருக்குத் தெரியாது. திருவிழாவுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போய் ஆள்கணக்குக் கொடுத்து, மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். குளித்துவிட்டு அடுப்பு மூட்டுவேன். அந்த நேரம்தான் எங்கள் பள்ளிக்கூடம். பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பிரித்துத் தட்டித் தட்டையாக்கி, அந்தத் தகரத்தின்மேல் சாம்பலைப் பரப்பி, ஈர்க்குச்சியால் எழுதுவேன். தகரத்துக்கு இந்தப் பக்கம் அடுப்பும் நானும், அந்தப் பக்கம் அவள். கொதிக்கிற கஞ்சிப் பானையின் பக்கம் அவளை வரவிட எனக்குப் பயம். லயத்து வரிசை வீடுகளில் ஒரு பிள்ளை காலைச் சுட்டுக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரே எழுத்தை மூன்று தரம் தப்பாகச் சொன்னால் கரண்டிக் காம்பால் முழங்காலில் ஒன்று வைப்பேன். அவளும் என் மகள்தானே, அழாமல் முறைப்பாள். குச்சியை அவள் கையில் கொடுத்தால் எதிரில் உட்கார்ந்தபடி எழுதுவாள், எழுத்து என் கண்ணுக்கு நேராக முத்து முத்தாக விழும். எனக்கு வயிறு குளிர்ந்துபோகும்.

எழுத்து முடிந்து வார்த்தைக்கு வந்தபோது புத்தகத்துக்கு எங்கே போவது? கடையில் கருவாடு மடித்துக் கொடுத்த பத்திரிகைக் காகிதத்தை எடுத்துத் தகரத்தின்மேல் விரித்தேன். நான் வரியில் விரல் வைப்பேன், அவள் அந்தப் பக்கமிருந்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

"அட அலமாக், படிப்பெல்லாம் கருவாட்டு நாத்தம்," என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். ஆனாலும் மறுமுறை கடைக்குப் போனால், கிழியாத காகிதமாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வருவார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "என்னடி, மகளக் கிராணி வேலைக்கு அனுப்பப் போறியா?"

"ஏன்க்கா, கிராணியாரு ஆபீஸ்ல எடம் காலின்னு ஒங்ககிட்ட சொன்னாரா?" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திருவிழா முடிந்த வாரம் அவளுக்கு எண்ணெய் வைத்துச் சீவி, இருந்த ஒரே நல்ல பாவாடையைக் கட்டிக் கூட்டிப்போனேன். கொட்டகை நிறையப் பையன்களும் அவர்களின் அப்பன்மாரும். வாத்தியார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவளிடம் ஒரு புத்தகத்தை விரித்துக் கொடுத்தார்.

அவள் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள்.

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் வாய் திறப்பதற்குள் வாத்தியார் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். "புத்தகத்தப் புடிக்கவே தெரியலியேம்மா."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. எட்டு மாதமும் நான் சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறாள், நான்தான் ஏமாந்தேன் என்று நினைத்தேன். ஆயாக் கொட்டகையும் புல்வெட்டும் கண்முன் வந்து நின்றன.

"அடுத்த வருசம் பாக்கலாம், போய்ட்டு வாம்மா," என்று சொல்லிவிட்டு வாத்தியார் பேரேட்டை இழுத்து அவள் பெயருக்கு எதிரில் எழுதத் தொடங்கினார். மேசை அவள் தாடை உயரம். எதிர்ப்பக்கம் நின்றபடி பேனா போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா... சிக்... கத்... தெ... ரி... யா... து," என்றாள். பிறகு ஒரே மூச்சில், "வாசிக்கத் தெரியாது."

பேனா நின்றது.

"என்ன சொன்ன?"

"இங்க எழுதியிருக்கே ஐயா," என்று ஈர மையின்மேல் விரலை வைத்தாள். "வாசிக்கத் தெரியாது."

வாத்தியார் பேரேட்டை அப்படியே அவள் பக்கம் திருப்பினார். "எங்க, இப்ப வாசி."

அவள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இப்பத் தலகீழா இருக்கு."

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. தகரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எட்டு மாதமும் என் மகள் ஒவ்வோர் எழுத்தையும் கவிழ்த்துப் போட்டுத்தான் படித்திருக்கிறாள். அதற்குக் கரண்டிக் காம்பால் அடியும் வாங்கியிருக்கிறாள். எனக்கு அழுகை முட்டியது, கூடவே சிரிப்பும். இரண்டையும் விழுங்கிக்கொண்டு பேசினேன்.

"தப்பு என்னோடதுங்க ஐயா. அடுப்பு பக்கம் நான் ஒக்காந்துக்கிட்டு, அவள எதிர்ல வெச்சுச் சொல்லிக் குடுத்துட்டேன். ஆனா வாசிக்கத் தெரிஞ்சா சேத்துக்குவேன்னு நீங்கதான் சொன்னீங்க. எந்தப் பக்கத்துல இருந்து வாசிக்கணும்னு சொல்லலையே."

அப்பன்மாரில் யாரோ சிரித்தார். இந்தமுறை என் மகளைப் பார்த்து இல்லை. வாத்தியாரும் சிரித்துவிட்டார், அதற்காக அவரை நான் மெச்சத்தான் வேண்டும். பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். பேனாவை மையில் தோய்த்து வேறு என்னவோ எழுதினார்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கென்ன, வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. என் மகள் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றபடியே, மை காய்வதற்குள் எனக்கு வாசித்துச் சொன்னாள்: "சேர்த்தாயிற்று."