பதினோரு சீஸுக்குப் பொட்டு வைத்த கதை

ஆயுத பூஜை லீவு. வேப்பம்பட்டில் எங்கள் தெரு முழுக்க வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் வண்டி இல்லை. என் ஆயுதம் ஒரு லேப்டாப். அதைத் துடைத்து, மூடி மேல் ஒரு பொட்டு வைத்தேன். ஐந்து நிமிடத்தில் பூஜை முடிந்துவிட்டது.

மீதி நாளை என்ன செய்வது? பழவேற்காட்டுக்குப் போய்ப் பூநாரை பார்க்கலாம் என்றாள் என் மனைவி வசந்தா. வாடகைக் கார் பிடித்து, காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பினோம்.

பூநாரைகள் இன்னும் வரவில்லை. வருவதற்கு ஒரு மாதம் ஆகும் என்று ஒரு படகுக்காரர், நாங்கள் கேட்காமலே, ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார். ஏரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அப்போதுதான் அந்த போர்டு கண்ணில் பட்டது. 'நாட்டு மாட்டுப் பால் சீஸ். இங்கேயே செய்தது. ருசி பார்க்கக் காசு வேண்டாம்.' கடைசி வரியை வசந்தா இரண்டு முறை படித்தாள். கார் நின்றது.

சின்னக் கடை. முன்பக்கம் ஒரு கண்ணாடி பிரிட்ஜ், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பின்பக்கம் மூடிய கதவுக்குள் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. கலா என்ற பெண் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் சீஸைச் சீவி நீட்டினார்.

எனக்குத் தெரிந்த சீஸ், வெள்ளித்தாளில் சுற்றிய சதுரம். இது வேறு ஜாதி. முதலில் உப்பு. அப்புறம் லேசாகப் பழைய சோற்றுப் புளிப்பு. விழுங்கிய பிறகுதான் நாக்குக்கே புரிந்தது... இன்னொன்று கேட்டது.

"நல்லா கீதா சார்?"

"பிரமாதம்மா!"

"எல்லாரும் அப்டிதான் சார் சொல்றாங்க. டூரிஸ்ட்டு வர்றாங்க, துன்றாங்க, சூப்பர்ன்றாங்க, போட்டோ புடிக்கறாங்க, போய்க்கினே கீறாங்க."

அந்த வரிசையில் போட்டோ வரைக்கும் நாங்களும் வந்திருந்தோம். வசந்தா போனைப் பைக்குள் வைத்தாள்.

கலா கதை சொன்னார். கணவர் பாஸ்கர், கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் பதினாலு வருஷம் பாய்லர் ஆப்பரேட்டர். கான்ட்ராக்ட் முடிந்ததும், புதுச்சேரிப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய் ஆறு மாதம் தங்கி, சீஸ் செய்யக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஆவிய பாத்துக்கினு இருந்த மனுசன் சார். இப்ப பால பாத்துக்கினு கீறாரு. எனக்கு அந்த ரூமு நாத்தமே ஒத்துக்காது. உள்ள போனா தலைய சுத்தும். எல்லாம் அவரேதான்."

அன்றைக்குத்தான் முக்கியமான நாள். பதினோரு மணிக்குக் கடற்கரை ரிசார்ட் ஒன்றிலிருந்து செஃப் வருகிறார். உள்ளே இருக்கும் பெரிய சீஸ்களைப் பார்த்து, பிடித்தால் மாதாமாதம் எட்டு எடுத்துக்கொள்வார். கடை பிழைத்துக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் கடைக்குப் பூட்டு. பழைய கம்பெனி சூப்பர்வைசர் திங்கட்கிழமை வரைக்கும் கெடு கொடுத்திருக்கிறார். காலை ஷிஃப்டுக்கு வந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள்.

"அங்க போறதுக்கு அவருக்கு மனசே இல்ல சார். சொல்ல மாட்டாரு. ராத்திரியெல்லாம் பொரண்டுக்கினே கீறாரு."

பாஸ்கர் செஃபுக்கு வழி காட்டவும், பூஜைக்குப் பூசணிக்காய் வாங்கவும் பொன்னேரி வரை போயிருந்தார். மணி பத்து. கடை கழுவவில்லை. சுண்டல் தாளிக்கவில்லை. பின்பக்க ரூமில் சாமான் எதற்கும் பொட்டு வைக்கவில்லை. கலாவுக்கோ இரண்டே கை.

நம் ஊர்க்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் சும்மா உட்காரத் தெரியாது. வசந்தா புடவையை இழுத்துச் செருகினாள்.

"நீ அடுப்பைப் பாரும்மா. அந்த ரூமை நாங்க பார்த்துக்கறோம்."

"ஐயோ, உங்களுக்கு இன்னாத்துக்கு அக்கா சிரமம்!" என்றார் கலா. சொல்லிக்கொண்டே சாவியையும் கொடுத்தார். "தலைக்கு அந்தக் குல்லாய மாட்டிக்கினு போங்க. நாம எதுல சோறு துன்றோமோ, அதுக்கெல்லாம் தொடச்சி பொட்டு வெச்சிடுங்க."

உள்ளே போனோம். குளிர். பால் காய்ச்சும் அண்டா, நீளக் கத்தி, தெர்மாமீட்டர், சீஸை அழுத்தும் இரும்பு... எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தோம். அப்புறம்தான் மூலையில் மரப்பலகைத் தட்டுகளைப் பார்த்தோம். பதினோரு சீஸ். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். அத்தனையிலும் சாம்பல் நிறத்தில், புசுபுசுவென்று, மழைக்காலத்துத் தோல் செருப்பு மாதிரி பூஞ்சை.

"அடப்பாவமே! செஃப் வர்ற நேரத்துல இப்படியா போட்டு வைப்பாங்க?" என்றாள் வசந்தா.

எனக்கும் பகீரென்றது. ஒரு மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு தீர்மானமாகப் போகிறது. சரக்கு இந்த லட்சணத்தில் இருக்கிறது. கலாவிடம் சொல்லலாமா? பாவம், பயந்துவிடுவார். தவிர, எதில் சோறு தின்கிறோமோ அதைத் துடைக்கச் சொல்லியிருக்கிறார். சீஸில்தானே தின்கிறார்கள்?

வெதுவெதுப்பான தண்ணீர். தேங்காய் நார். நான் தேய்த்தேன், வசந்தா துடைத்தாள். முக்கால் மணி நேரத்தில் பதினொன்றும் மொட்டைத் தலையாகப் பளபளத்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று கோடு சந்தனம், நடுவில் குங்குமம். பார்க்கவே திருப்தியாக இருந்தது. நல்ல எண்ணத்தோடு துணியைக் கையில் எடுத்தவனை இந்த உலகத்தில் யாராலும் தடுக்க முடியாது.

பதினோரு மணிக்கு பாஸ்கர் வந்தார். ஒல்லியான மனிதர். கக்கத்தில் பூசணிக்காய். பின்னாலேயே செஃப். இளைஞர், ஜீன்ஸ், நல்ல மரியாதை.

ரூம் கதவைத் திறந்த பாஸ்கர் நின்றுவிட்டார். பூசணிக்காயை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இன்னா சார் பண்ணி வெச்சிகீறீங்க?"

"எல்லாம் பூஞ்சை பிடிச்சிருந்தது தம்பி. நல்லவேளை, நாங்க பார்த்தோம்."

"மூணு மாசம் சார்." "தெனம் ரெண்டு வாட்டி திருப்பித் திருப்பி வெச்சி வளத்தேன் சார்."

"எதை?"

"அந்தப் பூஞ்சையத்தான் சார்."

வசந்தா கையிலிருந்த ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இனி மறைத்து என்ன?

செஃப் பதினொன்றையும் சுற்றி வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒன்றை எடுத்து, குங்குமத்தை ஒதுக்கி வெட்டி, வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"உள்ளே ரொம்ப நல்லா வந்திருக்கு பாஸ்கர். ஆனா, இந்த சீஸுக்குப் பூஞ்சைதான் தோல். அது இல்லாம பிளேட்ல வெச்சா, கெஸ்ட் யாரும் கையில செஞ்சதுன்னு நம்ப மாட்டாங்க. ஃபேக்டரி சீஸ் மாதிரி இருக்கு."

பதினாலு வருஷம் ஃபேக்டரியில் இருந்து தப்பித்து வந்தவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? ஆனால் செஃபைக் குறை சொல்ல முடியாது. தேய்த்தவன் நான்.

"சார், துடைச்சது நான்தான். அவர் மேல தப்பே இல்லை," என்றேன்.

"தப்புன்னு சொல்லலை சார். திரும்ப நல்லா வளரட்டும். அப்புறம் வந்து பார்க்கறேன்." கலா கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்புறம் என்றால் எப்போது? ஒரு மாதமாவது ஆகும். திங்கட்கிழமைக்கோ நாலே நாள்.

பாஸ்கர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர், "நீங்க நல்லதுக்குதான் சார் பண்ணீங்க," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கலாதான் கரண்டியோடு வெளியே வந்தார்.

"இன்னாத்துக்குய்யா மூஞ்ச தொங்க போட்டுக்கினு கீற? நீ கம்பெனிக்குப் போய்ட்டா அத யாரு திருப்புறது? நானா? வாந்தி எடுத்துருவேன்."

"வேற இன்னா பண்ண சொல்ற?"

"உன் பழைய கம்பெனிக்குப் பக்கத்துல பேக்கிங்குக்கு ஆளு எடுக்கறாங்க. நான் போறேன். நீ இங்க குந்திக்கினு பூஞ்சைய வளத்துக்கினு இரு."

"எத்தினி நாளைக்கு?"

"அது மொளைக்கற வரைக்கும்!"

பாஸ்கர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து, பூசணிக்காயை எடுத்துக்கொண்டு போய் வாசலில் சுற்றி உடைத்தார். கலா எங்கள் கையில் ஆளுக்கு ஒரு தொன்னை சுண்டல் திணித்தார். அதை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை விடியற்காலை கலா கம்பெனி பஸ் ஏறினார். நான் ஞாயிறுதோறும் பாஸ்கருக்குப் போன் செய்தேன். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. "வந்துதா?" அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம்: "இன்னும் வழுக்கையாதான் கீது சார்."

மூன்றாவது வாரம்: "ஒண்ணு மேல மட்டும் லேசா ஒரு புள்ளி. ஆனா அது உங்க சந்தனமான்னு டவுட்டா கீது."

நாலாவது வாரம் அவர் போனை எடுக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆறாவது வாரம் அவரே கூப்பிட்டார். வீடியோ கால். மரத்தட்டில் மிச்சம் இரண்டு சீஸ், முழுக்கச் சாம்பல் புசுபுசு. வெட்டிய ஒன்றைத் தவிர பத்தும் முளைத்துவிட்டன. முந்தின நாள்தான் செஃப் வந்து பார்த்தாராம். மாதம் எட்டு... உறுதி. இந்த மாத எட்டைக் கையோடு எடுத்துக்கொண்டும் போய்விட்டாராம். கலா மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுவிடப் போகிறாராம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வசந்தா முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேமியா டப்பாவைத் தேடினாள்.

பூஞ்சை பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் பாயசம் வைத்த வீடு, எனக்குத் தெரிந்து, எங்களுடையது மட்டும்தான்.