எட்டு வாரக் கட்டிங்

கிறிஸ்டினாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். கனமான பொருள் எதைப் பார்த்தாலும் ஒருமுறை தூக்கிப் பார்த்து வைப்பாள். எங்கேயும் கொண்டுபோவதற்காக அல்ல. சும்மா, எடை தெரிந்துகொள்ளத்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் பிரியாணி அண்டாவைத் தூக்குவாள். பால் காய்ச்சும் வீட்டுக்குப் போனால் புது கிரைண்டரைத் தூக்குவாள். துக்க வீட்டில்கூட, யாரும் கவனிக்காத நேரத்தில் ஃப்ரீசர் பெட்டியின் ஒரு முனை அரை அங்குலம் மேலே எழுந்து இறங்கும். கல்யாணமான மறுநாள் காலையில், அசந்து தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை சகாயவினோத்தையும் அவள் தூக்கிப் பார்த்ததாக ஒரு பேச்சு உண்டு. அவன் இன்றுவரை அதை மறுத்ததில்லை.

பாம்பன் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்ததும் வருகிற மீனவத் தெருக்களில் ஒன்றில்தான் அவர்கள் வீடு. சகாயவினோத் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய கிறிஸ்டினா முதலில் ஒரு நண்டு கம்பெனியில் இருந்தாள். பிறகு ஐஸ் ஏற்றும் வேலைக்கு வந்தாள். ஐஸ் கட்டியை ஆண்கள் இரண்டு பேர் கொக்கி போட்டு இழுப்பார்கள். அவள் தோளில் ஒரு சாக்கைப் போட்டுத் தனியாக ஏற்றிவிடுவாள்.

யோகேஸ்வரன் இராமேஸ்வரம் சாலையில் ஜிம் வைத்திருந்தான். வாரத்துக்கு ஒரு நாள் அவனுக்குச் சூரை மீன் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வழக்கம். ஒருநாள் அவன் சில்லறை எடுக்க உள்ளே போன நேரம், தரையில் இரண்டு பக்கமும் வட்டு மாட்டிய இரும்புக் கம்பி ஒன்று கிடந்தது. அவள் கை சும்மா இருக்கவில்லை.

"அக்கா, அத வைங்க. கால்ல போட்றாதீங்க."

"வச்சுட்டேன் தம்பி. என்ன, ஒரு எழுபது இருக்குமா?"

யோகேஸ்வரன் வட்டுகளை எண்ணினான். எழுபத்தைந்து.

"இன்னொரு தடவ தூக்குங்க."

"எதுக்கு? அதான் பாத்தாச்சுல்ல."

அவன் விடவில்லை. வேலை முடிந்து வரச் சொன்னான், வந்தாள். இரண்டு வருடம் வந்தாள். மூன்றாம் வருடம், இராமநாதபுரத்தில் பெண்களுக்கான ஆணழகன் போட்டி நடக்கப்போகிறது என்று சொன்னான். பெண்களுக்கு எப்படி ஆணழகன் போட்டி என்று அவள் கேட்டாள். உடற்கட்டுப் போட்டி என்று திருத்திக்கொண்டான்.

விதிகள் அச்சிட்ட தாளை வீட்டுக்கே வந்து வாசித்துக் காட்டினான். சகாயவினோத் பின்னிக்கொண்டிருந்த வலையை மடியில் வைத்தபடி கேட்டான். அவன் தங்கச்சி புஷ்பமேரி தையல் மிஷினில் கால் வைத்தபடி மிதிக்காமல் கேட்டாள்.

காலில் செருப்பு கூடாது. தலைமுடி தோளையும் முதுகையும் மறைக்கக் கூடாது. மேடையில் எதையும் மெல்லக் கூடாது. உடம்புக்குச் சாயம் பூச வேண்டும். தொட்டால் ஒட்டாத சாயமாக இருக்க வேண்டும்.

"சாயம் எதுக்கு தம்பி?"

"லைட் வெளிச்சத்துல சதை எடுப்பாத் தெரியணும்னா கலர் ஏத்தணும்க்கா. கருப்பா இருந்தாத்தான் வெட்டு வெட்டாத் தெரியும்."

"அது நான் பெறக்கும்போதே ஏத்திட்டு வந்துட்டேன். அடுத்தது வாசி."

அடுத்தது உடுப்பு. ஒரே நிறத்தில், மினுக்கு இல்லாமல், இரண்டு துண்டு. இதை வாசிக்கும்போது யோகேஸ்வரன் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாசி எடுக்கக் கடலில் இறங்கும்போதுகூட முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குகிற தெரு அது.  புஷ்பமேரிதான் மெல்லக் கேட்டாள்.

"மதினி, அதுக்கு எத்தன மீட்டர் துணி வேணும்?"

"மீட்டர்லாம் இல்லம்மா. சாண்தான்" என்றான் யோகேஸ்வரன்.

சகாயவினோத் சிரித்துவிட்டான். அவன் சிரித்துவிட்டால் பிறகு கோபப்பட வராது. எல்லோருக்கும் அது தெரியும்.

"அங்கன என்ன தூக்கணும்?" கிறிஸ்டினா கேட்டாள்.

"ஒண்ணும் தூக்க வேண்டாம்க்கா. நின்னு காட்டணும், அவ்வளவுதான்."

"ஒண்ணுமே தூக்க வேண்டாமா?"

இரண்டு துண்டு உடுப்புக்கு வராத வருத்தம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. ஆனாலும் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். பதினெட்டு வருடமாகச் சுமந்த சுமையை யாரும் பார்த்ததில்லை. லாரி புறப்பட்டதும் ஐஸ் உருகிப்போகும். உடம்பில் மிச்சமிருக்கிறதையாவது நாலு பேர் பார்க்கட்டும் என்று இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு ஆதார்படி முப்பத்தாறு வயது. முப்பத்தைந்து நிறைந்த பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. அதில் சேர்த்தால் நிச்சயம் முதல் பரிசு என்றான் யோகேஸ்வரன். அந்தப் பிரிவில் வேறு யாருமே பெயர் கொடுக்கவில்லை.

பயிற்சி கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அன்று யோகேஸ்வரன் சகாயவினோத்தின் போனுக்குக் குரல் செய்தி அனுப்பினான். வீட்டில் அது ஒன்றுதான் நல்ல போன். சகாயவினோத் கடற்கரையில் வலை சீர்பார்த்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் அழுக்காக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். சுற்றி ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

"மாமா, அக்காட்ட சொல்லிருங்க. இன்னையிலேருந்து அவங்களுக்கு கட்டிங். எட்டு வாரத்துக்கு தெனமும் கட்டிங்தான், ஞாயித்துக்கெழம கூட லீவு கெடையாது. யாரு என்ன சொன்னாலும் நிப்பாட்டக் கூடாது. நீங்களும் கூட சேந்துக்கிட்டா அவங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்."

ஜிம்மில் கட்டிங் என்றால், போட்டிக்கு முன் சாப்பாட்டைக் குறைத்துக் கொழுப்பைக் கரைக்கும் காலம். கடற்கரையில் கட்டிங் என்றால், ஒரு குவார்ட்டர் பாட்டிலை இரண்டு பேர் பங்கு போட்டுக் குடிப்பது. சகாயவினோத்துக்கு முதல் அர்த்தம் தெரியும். அதனால் இரண்டாவது அர்த்தம் அவன் நினைவுக்கே வரவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அவளிடம் நேரடியாகக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். வாரத்துக்கு வாரம் கன்னம் ஒட்டிப்போனது. சோறு கண்டால் முகத்தைத் திருப்பினாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள். எங்கே போனாலும் மூடி போட்ட ஒரு பாட்டில் கையில் இருந்தது. அதில் பழுப்பாக ஏதோ இருந்தது, குடிக்குமுன் குலுக்கினாள். ஜிம்மில் கொடுத்த சத்துமாவு என்று யாருக்குத் தெரியும். சகாயவினோத்தோ நாளுக்கு நாள் பளபளப்பாகிக்கொண்டு வந்தான். அதற்குக் காரணம் வேறு. அவள் தினமும் பன்னிரண்டு முட்டையின் வெள்ளையை மட்டும் சாப்பிட்டாள். மஞ்சள் முழுக்க அவன் தட்டுக்குப் போனது. எட்டு வாரத்தில் அவள் ஏழு கிலோ இறங்கினாள், அவன் நாலு கிலோ ஏறினான்.

"பாரு, பொண்டாட்டியக் குடிக்க விட்டுட்டு இவன் எப்படித் தெளிஞ்சிருக்கான்" என்றார்கள்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அமைப்பாளர்கள் ஒரு இடைஞ்சல் கொடுத்தார்கள். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று என்று இருப்பவர்கள் வேறொரு வயதுச் சான்றும் தர வேண்டும். மாவட்டத்தில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள், யாரைத்தான் நம்புவது. கிறிஸ்டினாவிடம் பள்ளிச் சான்றிதழ் இல்லை. இருப்பது ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் கோயிலில் சாமியாரின் கையெழுத்தோடு வாங்கிக் கொடுத்தால் போட்டி உண்டு, இல்லையென்றால் இல்லை.

பங்குச் சாமியார் புதிதாக மாற்றலாகி வந்தவர். அவள் பெயரைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் காதுக்கு விஷயம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கோயில் வேலைகளில் அவருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் சவேரியார் ஓரமாக நின்றார்.

"சர்டிபிகேட் தர்றேம்மா. அதுக்கு முன்னால ஒரு விஷயம். கட்டிங் பழக்கத்த விட்டுரு."

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சாமியாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறதே.

"இன்னும் பத்து நாளுதான் சாமி. அதுக்கப்புறம் எனக்கே வேண்டாம்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. யாரு பழக்கி விட்டா?"

"யோகேஸ்வரன்னு ஒரு தம்பி. அவருதான் ஒரு நாளைக்கு எத்தன கிராம்னு எழுதிக் குடுப்பாரு."

"கிராமா?"

"நிறுத்துத்தான் எடுக்கணும் சாமி. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

சாமியார் சவேரியாரைப் பார்த்தார். சவேரியார் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவருதான் காலையில எழுப்பி விடுவாரு. கூடவே உக்காந்து, எனக்கு ஆகாதத எல்லாம் அவரு சாப்பிட்டுருவாரு."

"காலையிலயேவா?" சாமியார் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி எவ்வளவும்மா போகுது ஒரு நாளைக்கு?"

"நாலு லிட்டரு."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசி ரெண்டு நாளு அதையும் கொறச்சிருவாங்க சாமி" என்று அவரைத் தேற்றினாள்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். குடி மறப்புத் தியானம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. அந்த ஞாயிறுதான் போட்டி. "இதுக்குப் போயிட்டு வா. வந்ததும் சர்டிபிகேட் வாங்கிக்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கிறிஸ்டினாவுக்குத் துண்டுத்தாளில் எழுதியிருந்தது முழுதும் மனதில் ஏறவில்லை. ஞாயிறு என்பது மட்டும் ஏறியது.  பேச வராத நேரங்களில் அவள் கை வேறு வேலை தேடும். சுவரோரம் பதிவேடுகள் இருக்கும் இரும்பு பீரோ நின்றது. தரை உடைந்து அதன் ஒரு கால் பள்ளத்தில் இறங்கியிருந்ததால் கதவு திறக்காது. திறக்க வேண்டுமென்றால் சவேரியார் தெருவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு வருவார். அவள் போய் அதன் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். கதவு தானாகத் திறந்துகொண்டது. பழைய பதிவேடு ஒன்று நழுவிச் சவேரியாரின் கால்மாட்டில் விழுந்தது.

"எண்பது இருக்கும்" என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "தாள்தான் கனம்."

அவள் பீரோவைப் பிடித்தபடி நின்றாள். கை நடுங்கவில்லை. சாமியார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ குடிக்கிற தண்ணி என்ன தண்ணிம்மா?"

"காவிரித் தண்ணி சாமி. கொழாயில வருமே, அதுதான்."

"அப்ப கட்டிங்?"

"சோத்தக் கொறைக்கிறது. போட்டிக்கு."

சாமியார் துண்டுத்தாளைத் திரும்ப எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். கொஞ்ச நேரம் இழுப்பறையை மூடாமல் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"நாலு லிட்டர்னதும் நான் மறைமாவட்ட ஆயருக்கே எழுதலாம்னு இருந்தேம்மா" என்றார் பிறகு.

சவேரியார் விழுந்த பதிவேட்டிலேயே அவள் பெயரைக் கண்டுபிடித்தார். தேதியை வாசித்தார். மறுபடி விரல் விட்டு எண்ணினார்.

"ஏத்தா, ஒனக்கு முப்பத்தாறு இல்ல. முப்பத்திநாலுதான் ஆகுது."

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நண்டு கம்பெனியில் பதினெட்டு நிறைந்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்பதால், பதினாறு வயதில் இரண்டைக் கூட்டிச் சொல்லியிருந்தாள். வருடக்கணக்கில் அதையே சொல்லிச் சொல்லி, ஆதார் எடுக்கும்போதும் அதுவே வாயில் வந்துவிட்டது. இரண்டு வயது குறைந்தால் பெண்கள் சந்தோஷப்படுவார்கள் என்பார்கள். அவள் பீரோ மேலேயே சாய்ந்து நின்றாள். தனியாளாக நின்று முதல் பரிசு வாங்கியிருக்க வேண்டியவள், இனி கல்லூரிப் பிள்ளைகளோடு நிற்க வேண்டும்.

"போடவா, வேண்டாமா?" சாமியார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"போடுங்க சாமி. இவ்வளவு பட்டினி கெடந்துட்டு இனி எதுக்கு வீட்டுல இருக்க."

போட்டி நாளில் புஷ்பமேரி சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல மேலிருந்து கீழாகச் சாயம் பூசினாள். உடுப்பைத் தைத்ததும் அவள்தான். கரும்பச்சை, உறுதிக்கு மூன்று தையல். மேடையேறும் வாசலில் ஒரு பெண் நின்று சோதித்தாள். மோதிரம் தவிர நகை எதுவும் கூடாது. கிறிஸ்டினாவின் கழுத்தில் தாலி இருந்தது. கழற்றிச் சகாயவினோத்திடம் கொடுத்தாள். பையில் வைத்தால் விழுந்துவிடும், கையில் வைத்தால் மறந்துவிடும். அவன் யோசித்துவிட்டுத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான்.

பொதுப் பிரிவில் அவளையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இரண்டு பேரின் வயதையும் கூட்டினால்கூட அவள் வயதைவிட ஏழெட்டுதான் கூட இருக்கும். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கைகளை மடக்கிக் காட்டினார்கள். கிறிஸ்டினாவுக்குச் சிரிக்க வரவில்லை. லாரிக்குக் கணக்குச் சொல்கிற முகத்தோடு நின்றாள். முதுகைக் காட்டச் சொன்னபோது மட்டும் அரங்கம் கொஞ்சம் அமைதியானது. மூன்றாம் பரிசு அவளுக்கு.

மூன்று என்று எழுதிய மரப்பெட்டியில் ஏறச் சொன்னார்கள். ஏறுவதற்கு முன் குனிந்து, அதை ஒருமுறை தூக்கிப் பார்த்து வைத்தாள். அன்று விழுந்த கைதட்டலில் பெரியது அதற்குத்தான். சகாயவினோத் எழுந்து நின்றே தட்டினான். தாலி சட்டைக்கு வெளியே வந்து ஆடியது.

இப்போதும் கிறிஸ்டினா ஐஸ் ஏற்றுகிறாள், வாரத்தில் நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறாள். ஆதாரில் வயதை இன்னும் திருத்தவில்லை. வருகிற அக்டோபரில் அவளுக்கு உண்மையாகவே முப்பத்தைந்து ஆகிறது. கோயில் பீரோவைத் திறக்க வேண்டியிருந்தால், சவேரியார் அவளுக்குத்தான் ஆள் அனுப்புகிறார்.