கறுப்பு ஜாஸ்பர் தேடிப்போன சபாபதி ஆசாரி

ரங்கூன் மொகல் தெருவில் சபாபதி ஆசாரியைப் பற்றி யாரைக் கேட்டாலும் சுத்தமான மனுஷன் என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, சரியான சந்தேகப் பிராணி என்றும் சொல்வார்கள். அவன் பட்டறைக்கு மேல்மாடியில் பதினோரு வருஷம் குடியிருந்தவன் நான். ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தா. இரண்டும் உண்மை என்று எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

தங்கம் என்று எதை நீட்டினாலும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டான். உரைகல்லை எடுப்பான். கையளவு கறுப்புக் கல் அது. நகையை அதில் ஒரு இழுப்பு இழுத்தால் மஞ்சளாகக் கோடு விழும். கோட்டின் மேல் ஒரு சொட்டுத் திராவகம் விடுவான். போலியாக இருந்தால் கோடு பொங்கி மறைந்துவிடும், தங்கமாக இருந்தால் நிற்கும். பெரிய மில்காரர் வீட்டு அம்மாள் ஒருத்தி, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது காசுமாலையை நீட்டினாள். உரைத்துப் பார்த்துவிட்டு, "பூச்சும்மா இது, உள்ள செம்பு" என்று சத்தமாகச் சொன்னவன் இவன். அந்த அம்மாள் அதற்குப் பிறகு மொகல் தெருப் பக்கமே வரவில்லை.

நகையோடு விட்டானா என்றால் இல்லை. பால்காரனின் பாலை நகத்தில் விட்டுப் பார்ப்பான். பெண் பார்க்கப் போன இடங்களில் கேட்ட கேள்விகளுக்குப் பயந்து தரகர்கள் அவனைக் கைவிட்டார்கள். முப்பத்தெட்டு வயது வரை கல்யாணம் ஆகவில்லை. அப்படிப்பட்டவன் ஒரு நாள் தாமுவே சந்தையில் அம்சவேணியின் கடையில் உட்கார்ந்து, என்ன மீன் என்றுகூடக் கேட்காமல் மீன் குழம்பில் சேமியா போட்ட மொஹிங்காவை மூன்று கிண்ணம் சாப்பிட்டான். ஆள் தொலைந்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அம்சவேணிக்கு அப்போது முப்பது வயது. அம்மா பர்மாக்காரி, டோ மியா என்று பெயர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர். மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது நாகப்பட்டினம் கப்பலில் ஏறிப் போனவர், திரும்பவில்லை. டோ மியா மொஹிங்கா விற்று மகளை வளர்த்துவிட்டு, அதற்கு முந்தின வருஷம்தான் கண்ணை மூடினாள். 1926 மாசி மாசம் சபாபதி ஒருவழியாகத் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, கட்டிக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்டான். மறுநாள் காலையில் அவளே பட்டறைக்கு வந்தாள். கைலி முடிச்சிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்தாள். நானும் அங்கே இருந்தேன். பர்மாக்காரர்கள் மரியாதைக்குப் போடும் 'கோ'வைச் சேர்த்துத்தான் அவள் அவனைக் கூப்பிடுவாள்.

"கோ சபாபதி, எங்கப்பா இந்த மோதிரத்தப் போட்டுத்தான் எங்கம்மாவக் கட்டினாரு. பித்தளையக் குடுத்து ஏமாத்திட்டுப் போயிட்டான்னு ஊரே சொல்லுச்சு. அம்மா கடைசி வரைக்கும் யாரையும் உரைக்க விடல. நீங்க உரைங்க. தங்கம்னா உங்களக் கட்டிக்கிறேன். பித்தளைன்னா, எங்கப்பா ஊர் ஆளுங்கள எங்க வீட்டுல இன்னொரு தடவ நம்புறதா இல்ல."

சபாபதி மோதிரத்தை உள்ளங்கையில் வாங்கினான். இன்னொரு கையால் பலகையிலிருந்து உரைகல்லை எடுத்தான். கல் கை நழுவி இரும்புப் பட்டடையின் மேல் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

அந்தத் தெருவில் ஆசாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உரைகல்லை இரவல் கொடுக்கும் ஆசாரி ஒருத்தன் கிடையாது. பெண்டாட்டியின் தாலியைக்கூட அடகு வைப்பார்கள், உரைகல்லைக் கை மாற்ற மாட்டார்கள். அம்சவேணியும் வேறு யார் கல்லும் வேண்டாம், உங்கள் கல், உங்கள் வாய்ச்சொல், அதுதான் வேண்டும் என்றாள். புதுக் கல்லை நானே போய் எடுத்து வருகிறேன் என்று சபாபதி சொன்னான். மிங்யானுக்குத் தெற்கே மழை மறந்த வறண்ட சீமையில், காய்ந்த ஓடைகளில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கற்கள் கிடக்கின்றன என்று ஒரு பர்மாத் தரகர் அவனிடம் சொல்லியிருந்தார். எண்ணெய்க் கிணற்று வெள்ளைக்காரர்கள் அதை ஜாஸ்பர் என்பார்களாம். கறுப்பு ஜாஸ்பரில் அமைந்தால் அதைப்போல உரைகல் உலகத்தில் இல்லையாம். எனக்குப் பத்து நாள் லீவு இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைச் சொல்லித் தொலைத்தேன்.

ஸ்டேஷனுக்கு அம்சவேணி தன் நாயோடு வந்தாள். மஞ்சள் நிறம், ஒரு காது மடிந்திருக்கும், பெயர் ஷ்வேவா. அந்தப் பக்கம் விரியன் பாம்பு அதிகம், நாய் முன்னால் போனால் நல்லது என்று கயிற்றை என் கையில் கொடுத்தாள். நாய்க்கும் டிக்கெட் வாங்கி, கார்டு வண்டியில் ஏற்றினோம். பெகுவிலிருந்து டௌங்கூ வரை அது விடாமல் பாடிக்கொண்டே வந்தது. டௌங்கூவில் கார்டு இறங்கி வந்து, பக்தர்களே, உங்கள் பாகவதரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் அதை எங்கள் பெட்டியில் தள்ளிவிட்டுப் போனார்.

தாஸியில் வண்டி மாறி, மிங்யானில் இறங்கி, மாட்டு வண்டியில் ஒரு பகல் முழுக்கப் போனோம். வருஷத்தில் பாதி நாள் குடையும் கையுமாக அலைகிற ரங்கூன்காரன் நான். அங்கே கண்ணுக்கெட்டின தூரம் செம்மண், முள், கள்ளி, அங்கங்கே ஒற்றைப் பனை. காற்றில் ஈரமே இல்லை. ஓடை என்று வண்டிக்காரப் பெரியவர் காட்டிய இடத்தில் மணல்தான் ஓடியது. எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடையில் குதித்தேன். மணல் சுட்ட சூட்டில் குதித்த வேகத்திலேயே திரும்பி ஏறினேன்.

ஓடை முழுக்கக் கல். ஆனால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், வறட்டி காயப்போட்ட மாதிரி. நனைத்தால்தான் நிறம் தெரியும் என்றான் சபாபதி. நனைக்கத் தண்ணீர் எங்கே? குடிக்கவே ஒரு பானைதான் இருந்தது. ஆகவே நாக்கு. ஒரு கல்லை எடுத்துத் தூசியைத் துடைத்து நக்கினேன். செம்பருத்திச் சிவப்பு! அடுத்ததை நக்கினேன், மஞ்சளில் சிவப்பு வரி. ரயில்வே குமாஸ்தா, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பட்டப்பகலில் ஓடையில் குந்தி உட்கார்ந்து கல்லை நக்கிக்கொண்டே நகர்கிறேன். வண்டிக்காரப் பெரியவர் மாடுகளின் காதில் ஏதோ சொன்னார்.

ஷ்வேவா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தானும் ஒரு கல்லைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டது. அதன் வாயில் ஊறி வந்ததால் நக்காமலே நிறம் பளிச்சென்று தெரிந்தது. பலே என்று தட்டிக்கொடுத்தேன். அவ்வளவுதான், அதற்குத் தலைகால் புரியவில்லை. ஓடும், கவ்வும், போடும், வாலை ஆட்டும். சாயங்காலத்துக்குள் என் பை சிவப்புக் கல்லால் நிறைந்துவிட்டது. என் நாக்குக்கும் ஓய்வு கிடைத்தது.

கறுப்புக் கல் கிடைக்காமல் இல்லை. முதல் நாள் ஆறு, இரண்டாம் நாள் ஒன்பது. எல்லாம் என் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தன. சபாபதி ஒவ்வொன்றிலும் எண்ணெய் தடவுவான், மாற்றுத் தெரிந்த தன் தங்க ஊசியால் உரைப்பான், தூக்கி எறிவான். இதற்குப் பல் இல்லை, தங்கத்தைக் கடிக்காது என்பான். இது எண்ணெய் குடிக்கிறது என்பான். ஒன்றைப் பார்த்து, இதன் முகமே சரியில்லை என்றான். கல்லுக்கு ஏதடா முகம் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாளை மறுநாள் ரயில், நீ கல் பொறுக்க வந்தாயா, கல்லுக்குப் பெண் பார்க்க வந்தாயா என்று கத்தினேன். அவன் அடுத்த கல்லில் எண்ணெய் தடவினான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஷ்வேவா ஓடை வளைவிலிருந்து ஒரு கறுப்புக் கல்லோடு வந்து, என்னைத் தாண்டிப் போய் சபாபதியின் காலடியில் வைத்தது. உள்ளங்கை அகலம். ஒரு வரி இல்லை, ஒரு பொட்டு இல்லை. அவன் எடுத்தான், துடைத்தான், எண்ணெய் தடவினான், ஊசியால் இழுத்தான். கோடு அத்தனை தெளிவாக விழுந்ததை நான் அவன் பட்டறையில்கூடப் பார்த்ததில்லை. கல்லின் ஓரத்தில் திராவகம் விட்டான். கல் அசைந்து கொடுக்கவில்லை.

அப்புறம் அவன் ஆடினான். சபாபதி ஆசாரி, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முள்ளையும் பார்க்காமல், கல்லைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடினான். நானும் ஆடினேன். நாய் எங்கள் இருவரையும் சுற்றிக் குலைத்தது. பெரியவரும் வண்டியை விட்டு இறங்கி இரண்டு அடி போட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

திடீரென்று அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"செல்லையா, மோதிரம் பித்தளைடா."

அன்றைக்கு உள்ளங்கையில் வாங்கின கணமே எடை சொல்லிவிட்டதாம். தங்கத்துக்கு உண்டான கனம் அதில் இல்லையாம். பழைய கல் நழுவவில்லை, தானே பட்டடைமேல் போட்டானாம். இந்த மூன்று நாளும் எறிந்த கல்லில் பாதி நல்ல கல்லாம். கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே கொஞ்ச நாளை ஓட்டிவிடலாம் என்று நினைத்தவன், நாய் கொண்டு வந்த கல்லைப் பார்த்ததும் தொழில் ஆசையில் தன்னை மறந்துவிட்டான். "இத எறிய எனக்குக் கை வரலடா" என்று சொல்லி அழுதான். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

நான் லௌகீகம் தெரிந்தவன். கோட்டை மட்டும் காட்டு, திராவகம் விடாதே, தங்கம் என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அதுவும் சரிதான் என்று ரயிலில் ஒத்திகை பார்த்தான். ஜன்னலைப் பார்த்து "தங்கம்" என்றான், குரல் கம்மியது. என்னைப் பார்த்துச் சொன்னான், விக்கல் வந்தது. நாயைப் பார்த்துச் சொன்னான், அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெகு வருவதற்குள் அவனால் முடியாது என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

காலையில் நேராகத் தாமுவே போனோம். கடையில் நல்ல கூட்டம். சபாபதி உட்காரக்கூட இல்லை.

"உரைக்க வேண்டியதில்ல, அம்சவேணி. பித்தளைதான். அன்னைக்கே என் கைக்குத் தெரியும். கல்ல நானேதான் போட்டு ஒடைச்சேன்."

அகப்பையைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"கை சொன்னத நான் கேக்கல. கல்லு சொல்லட்டும்."

பலகையைத் துடைத்துக் கொடுத்தாள். சபாபதி மடியிலிருந்த மோதிரத்தை எடுத்துப் புதுக் கல்லில் உரைத்தான். மஞ்சள் கோடு விழுந்தது, பித்தளைக்கும் அப்படித்தான் விழும். திராவகப் புட்டியைத் திறந்து ஒரு சொட்டு விட்டான். பொங்கி மறைய வேண்டும். நாங்கள் காத்திருந்தோம். கோடு நின்றது. இன்னொரு சொட்டு விட்டான். அப்போதும் நின்றது. நிறம் கொஞ்சம் மங்கியதே தவிரக் கோடு போகவில்லை.

அப்போதுதான், அத்தனை நாளில் முதல் முறையாக, அவன் மோதிரத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டு போனான். உள்பக்கத்து ஒட்டில் ஊசி முனையை விட்டு நெம்பினான். பலகையில் ஒரு துணுக்கு அரக்கு உதிர்ந்தது. மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. கெட்டியாகச் செய்ய வசதியில்லாதவர்கள் அப்படித்தான் செய்துகொள்வார்கள். சபாபதியே நூறு உருப்படி செய்திருப்பான். கனம் குறைந்ததும் பித்தளை என்று முடிவு கட்டியவன், இரண்டாம் தடவை பார்க்கப் பயந்து, அதை மிங்யான் வரைக்கும் சுமந்துபோய்த் திரும்பியிருக்கிறான்.

"மாத்துக் கம்மி. ஆனா தங்கம்" என்றான். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடமெல்லாம் கல்லைக் கொண்டு போய்க் காட்டி, நான் தப்பு, என் கை தப்பு என்று சொல்லிக்கொண்டே போனான். தப்புச் செய்ததற்காக ஒரு மனுஷன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அம்சவேணி மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"இருபத்தஞ்சு வருஷம் எங்கம்மா பயந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவ உரைச்சிருந்தா போதும்."

சபாபதி அவள் எதிரில் வந்து நின்றான்.

"நான் பத்து நாள்தான் பயந்தேன். அதுவே எனக்குத் தாங்கல" என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கம் என்றால் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னது சொன்னதுதான் என்றாள். மோதிரத்தை அவன் விரலில் போட்டுப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குத்தான் சேர்ந்தது.