அம்மாவின் புளி ஜாடி

நேற்று சிட்லபாக்கம் மளிகைக்கடையில் பழம்புளி மூட்டையை அவிழ்த்தார்கள். அந்த வாசனை என்னை எங்கள் அஸ்தினாபுரம் வீட்டுச் சமையலறைக்கே கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. விழுப்புரத்தில் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எல்லோரும் கிளம்பினோம். அம்மா தன் வளையல்களையும் சங்கிலியையும் துணியில் முடிந்து புளி ஜாடியின் அடியில் புதைத்தாள். அப்பாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது என்பது அவள் நம்பிக்கை.

மூன்றாம் நாள் காலை திரும்பி வந்தால், பூட்டு உடைந்திருந்தது. பீரோவில் இருந்த துணியெல்லாம் கூடத்தில் இறைந்து கிடந்தது. அம்மா சமையலறைக்கு ஓடினாள். ஜாடியைக் காணோம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே பக்கத்து வீட்டு மெகருன்னிசா அக்கா ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

“அழாதடி. விடிஞ்சு பாத்தா உங்க கதவு தெறந்து கெடந்துச்சு. மறுபடி எவனாச்சும் வந்துட்டா இன்னா பண்றதுன்னு இத மட்டும் எங்க வூட்டுக்குத் தூக்கினு போய்ட்டேன்.”

அம்மா கையை உள்ளே விட்டுத் துழாவினாள். முடிச்சு அப்படியே இருந்தது.

“இதுலதான் வச்சிருக்கேன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“ஒவ்வொரு கல்யாணத்துலயும் உன் வளையல்ல புளி வாசன அடிக்குதே, தெரியாதா?”

கண்ணைக்கூடத் துடைக்காமல் அம்மா சிரித்தாள். போலீசுக்குச் சொல்லக் கிளம்பிய அப்பாவும் வாசலிலேயே நின்று சிரித்தார்.