மரகதத்தின் சீர் விளக்கு

மரகதத்தின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்தான். ஊர் அவளுடைய ராசியைக் குறை சொன்னது. ஜாதகத்தைக் குறை சொன்னது. இரண்டும் பொய். கெடுத்தது என் கை. அதைவிடவும் என் வாய்.

இதைப் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொல்ல வருகிறது. தெரிந்தவர்களிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போய், காப்பி குடித்துவிட்டு, மழை மாதிரி இருக்கிறது என்று பேசிவிட்டு, திரும்பி வந்திருக்கிறேன். எத்தனை தடவை!

கொடைக்கானலில் எங்கள் குடும்பம் அலங்கார விளக்குகள் செய்தது. பங்களாச் சுவரில் பொருத்துகிற மின்விளக்கு, ஓட்டல் கூடத்தில் தொங்குகிற கொத்து விளக்கு, மேஜை விளக்கு... எல்லாம் பித்தளை. அப்பா வார்ப்பார், அண்ணன் வயர் இழுப்பான், மெருகு என் வேலை. மலைப் பனி பித்தளையைச் சீக்கிரம் மங்கவைத்துவிடும். அதனால் பளபளவென்று தேய்த்த பிறகு அதன்மேல் நிறமில்லாத வார்னிஷ் பூசுவோம். பூசியது கண்ணுக்கே தெரியாது, வருஷக்கணக்கில் மங்காது. கடைக்கு வந்தவர்கள் தங்கமோ என்று தொட்டுப் பார்ப்பார்கள். அப்போது எனக்குத் தலைகால் புரியாது.

அதில் அப்பாவுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. "பல்பு எரியிற வெளக்குக்கு மட்டுந்தான் வார்னிஷ் தாயி. தீ எரியிற வெளக்குல ஒரு சொட்டுப் படக் கூடாது. சூடு பட்டாப் பத்திக்கும்" என்பார். என்னிடம் எப்போதும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

மரகதம் என் தோழி. மன்னவனூரில் பூண்டும் கிழங்கும் போடுகிற வீட்டுப் பெண். கொடைக்கானலில் அத்தை வீட்டில் தங்கி என்னோடு படித்தவள். ஐம்பத்தெட்டாம் வருஷம் பண்ணைக்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரர் வீட்டில் அவளுக்குச் சம்பந்தம் முடிந்தது. சீர் வரிசைக்குக் குத்துவிளக்கு வேண்டுமென்று அவள் அப்பா எங்களிடமே வந்தார். எண்ணெய் விளக்கு நாங்கள் செய்வதில்லை. ஆனாலும் என் தோழிக்கு என்பதால் அப்பா பார்த்துப் பார்த்து வார்த்துக் கொடுத்தார். ஐந்து முகம், உச்சியில் அன்னம்.

மெருகுக்கு அது என்னிடம் வந்த நேரம், அப்பா சாமான் வாங்கப் பழனிக்கு இறங்கியிருந்தார். விடாத மழை. தேய்த்து வைத்தால் மறுநாளே மங்குகிறது. சம்பந்தி வீட்டார் முன்னால் என் தோழியின் விளக்கு மங்கி நிற்கலாமா என்று நினைத்தேன்... இல்லை, இங்கேயும் நான் பொய் சொல்லக் கூடாது! "யார் போட்ட மெருகு?" என்று நாலு பேர் கேட்க வேண்டும், எனக்கு ஆசை அதுதான். அடியிலும் தண்டிலும் மட்டும் வார்னிஷ் பூசலாம் என்று தொடங்கினேன். எண்ணெய் ஊற்றுகிற தட்டு மட்டும் தனியாக மங்கித் தெரிந்தது. அதற்கும் பூசிவிட்டேன். அப்பா சொன்னது நினைவில் இருக்கத்தான் செய்தது. கொஞ்ச நேரம் எரிகிற திரி, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புகுந்த வீட்டில் புதுப்பெண் செய்கிற முதல் காரியம் விளக்கேற்றுவது. அதுவரை சீர் விளக்கில் யாரும் திரி போடுவதில்லை. தோழியாக நானும் கூடப் போயிருந்தேன். மரகதம் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்; ஐந்து திரியையும் ஏற்றிக் கும்பிட்டாள். விளக்கைப் பார்த்து நாலைந்து பெண்கள் வாயைப் பிளந்தார்கள். நான் பூரித்துப்போய் நின்றேன். சண்டாளி!

முதலில் தட்டின் விளிம்பு பழுப்பேறியது. பிறகு கொப்புளம் கிளம்பியது. சகிக்க முடியாத நாற்றம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீ விளிம்பைச் சுற்றி ஓடியது; கறுப்புப் புகை மரகதத்தின் முகத்தில் அடித்தது. யாரோ ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள். விளக்கு அணைந்தது.

அவளுடைய மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, நீ வெளக்குக்காரரு மகதானே? நீயே சொல்லு. வெளக்குல ஏதும் கோளாறா?"

நீங்கள் அந்த அம்மாளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. நியாயமாகத்தான் கேட்டார். மரகதத்துக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். மரகதமும் கரி படிந்த முகத்தோடு என்னையே பார்த்தாள். நான் வார்னிஷ் பூசிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நாலு பேர் என்னைத் திட்டியிருப்பார்கள். அதோடு போயிருக்கும்...

"வெளக்குல ஒரு கோளாறும் இல்லைங்கம்மா" என்றேன்.

"அப்ப ஏத்துன கையிலதான்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

நான் ஊர் திரும்பியதும் அப்பா கேட்டார். "வார்னிஷ் கிர்னிஷ் பூசினியா தாயி?" இல்லை என்றேன். மகள் பொய் சொல்ல மாட்டாள் என்று நம்பிய மனிதர், பண்ணைக்காட்டுக்கே போய், எங்கள் விளக்கில் குற்றமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தார். என் பொய்யை அவர் வாயாலும் சொல்ல வைத்தேன்.

அதன்பின் அந்த வீட்டில் மாமனார் படுத்தாலும் அவளால்தான், காப்பிச் செடி காய்ந்தாலும் அவளால்தான். ஆடிக்கு மரகதத்தை அழைத்து வந்தார்கள். ஆவணி வந்தது, போனது. திரும்பக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. தை பிறந்ததும் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்த ஏக்கத்திலேயே அவள் அப்பா போய்ச் சேர்ந்தார்.

எனக்கும் கல்யாணம் நடந்தது. என் சீர் விளக்கை நானே புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு சொட்டு வார்னிஷ் படாமல் பார்த்துக்கொண்டேன். அந்த நாளில் மரகதம் பந்தலின் கடைசியில், தூணுக்குப் பின்னால் நின்றாள். முன்னால் வரச் சொல்லிக் கூப்பிட்டதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மன்னவனூரிலிருந்து வந்த கிழங்கு லாரியில் அவள் வந்து இறங்கினாள். கையில் சாக்கில் சுற்றிய விளக்கு. பட்டறையில் நான் மட்டும் இருந்தேன்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும் புள்ள. நல்ல வெளக்கு, எங்கிட்டச் சும்மா கெடக்கு. என் கைதான் ஆகாத கை."

நான் சாக்கைப் பிரித்தேன். விளிம்பில் பழைய கொப்புளம் பழுப்பாக அப்படியே இருந்தது. நகத்தால் கீறினால் உரிந்து வந்திருக்கும். எல்லாம் அதிலேயே விளங்கியிருக்கும். என் விரல் அதன் பக்கத்தில்தான் இருந்தது.

"அன்னிக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னால, வெளக்குல கோளாறு இல்லைன்னு நீ ஒருத்திதான் சொன்னே" என்றாள். "எங்கப்பா குடுத்த சீரை நீ விட்டுக் குடுக்கலை. அதை நான் மறக்க மாட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காப்பி போடட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் போன பிறகு வார்னிஷைச் சுரண்டி எடுத்தேன். எண்ணெய் ஊற்றி ஐந்து முகத்தையும் ஏற்றினேன். எண்ணெய் தீரும்வரை விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது.

மன்னவனூர் ஒன்றும் சீமையில் இல்லை. நாளைக்கே லாரி ஏறிப் போய்ச் சொல்லலாம்... இரண்டு வருஷமாக நாளைக்கு, நாளைக்கு என்றே இருக்கிறேன். விளக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான்தான் ஏற்றுகிறேன். அந்த நேரத்தில் மன்னவனூரில் மரகதம், தம்பி மனைவி விளக்கேற்றி முடிக்கிறவரை, குளிரில் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்கிறாளாம்.