வின்சுக்கு இரண்டு ஆள் வேணும்

பழுதுபட்டு நிற்கும் வாகனங்களை இழுத்துவரும் சின்ன லொறி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பின்தட்டில், கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்சார வின்ச் ஒன்றைப் பூட்டியிருக்கிறேன். சுவிட்சை மட்டும் வின்சுக்குப் பக்கத்தில் வைக்காமல் முன்னால் றைவர் சீற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது மனைவிக்காக. நான் கீழே நின்று கம்பிக் கயிற்றைக் கொளுவிவிட்டுக் கையைக் காட்டுவேன். அவள் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி சுவிட்சை அமத்துவாள். பதினாலு வருஷம் இப்படித்தான் வேலை செய்தோம். மழையென்றால் அவள் உள்ளே நனையாமல் இருப்பாள், அவ்வளவுதான் நான் யோசித்தது.

போன ஆடியில் மகளின் பிரசவத்துக்காக அவள் மெல்பேர்ணுக்குப் போனாள். தை பிறக்கத் திரும்பி வருவதாக ஏற்பாடு. அதற்குப் பிறகு நான் சுவிட்சை அமத்திவிட்டு இறங்கி ஓடிப்போய்ப் பார்ப்பதும், திரும்பி ஓடிவருவதுமாக இருந்தேன்.

மார்கழி மழையில் ஒரு காலை புல்மோட்டை வீதியிலிருந்து போன் கோல் வந்தது. குச்சவெளி தாண்டி ஒரு வான் வழுக்கி ஓரத்து மழைநீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. நான் போனபோது மழை விட்டிருந்தது. வானுக்குப் பக்கத்தில் என் வயதுடைய ஒருவர் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக நின்றார். புல்மோட்டையில் கடை வைத்திருப்பவர். கிண்ணியாவில் அவருடைய அக்கா அன்று விடிய இறந்துவிட்டார்.

"அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் அண்ணன். ராத்தாட முகத்தைப் பார்க்கோணும்," என்றார்.

"அரை மணித்தியாலத்தில எடுத்திடலாம்," என்று சொன்னேன்.

கயிற்றைக் கொளுவி, முன்னால் ஏறிச் சுவிட்சை அமத்தினேன். வான் இரண்டு முழம் அசைந்தது. பிறகு வின்ச் நின்றுவிட்டது. திரும்ப அமத்தினால் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மோட்டர் சுற்றவில்லை.

அவர் பத்து நிமிஷம் பொறுத்தார். கை மணிக்கூட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தூரத்தில் பஸ் தெரிந்ததும் நான்தான், "நீங்கள் பஸ்ஸில போங்கோ. வானை நான் கொண்டுவந்து தாறன்," என்றேன். வானின் திறப்பை என் கையில் வைத்து, கிண்ணியா வீட்டுக்கு வழி சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினார்.

பஸ் போனபிறகு வீதியில் ஆளில்லை. ஒரு பக்கம் பற்றைக்காடு, மற்றப் பக்கம் கடல் இரைச்சல்.

முதலில் பற்றரியைப் பார்த்தேன். மீற்றர் பன்னிரண்டரை வோல்ற்றுக்கு மேல் காட்டியது. உள் லைட்டைப் போட்டுவிட்டுச் சுவிட்சை அமத்தினேன். பற்றரி இளைத்திருந்தாலோ மோட்டர் இறுகியிருந்தாலோ லைட் மங்கவேண்டும். மங்கவில்லை. அப்படியென்றால் மோட்டருக்குப் போகும் மின்சாரம் எங்கோ அறுகிறது. சுவிட்சுக்கும் மோட்டருக்கும் நடுவில் இருந்து 'டக்' என்று அடிப்பது சொலினொயிட். அதை விலக்கி மின்சாரத்தை நேரே விட, அதன் இரண்டு பெரிய போல்ற்றையும் ஸ்பனரால் தொடுத்துப் பார்த்தேன். பொறி பறக்கவில்லை, மோட்டரும் அசையவில்லை. ஆகவே பிழை சொலினொயிட்டிலும் இல்லை.

மோட்டருக்குள் இருக்கும் கரித்துண்டு சிக்கியிருக்கலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒரு வழி உண்டு. ஒருவர் சுவிட்சை அமத்திப் பிடிக்க, மற்றவர் மோட்டரில் சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். நான் தட்டிவிட்டு ஓடிப்போய் அமத்தினேன். அமத்திவிட்டு வந்து தட்டினேன். நாலாம் தரம் செருப்பு சேற்றில் அறுந்தது. லொறியின் படியில் குந்திவிட்டேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணியிருக்கும். மெல்பேர்ணில் பின்னேரம். யாரோடாவது கதைக்கவேண்டும் போல இருந்ததால் அவளுக்கு எடுத்தேன்.

"சாப்பிட்டிட்டீங்களே?" என்றுதான் தொடங்கினாள். எங்கே நிற்கிறேன் என்று சொன்னதும் அவளுடைய குரலே மாறிவிட்டது.

"சொலினொயிட் அடிக்குதோ?"

"அடிக்குது."

"பிறகு?"

"பிறகு எனக்கென்ன தெரியும்? நான் முன்னால எல்லோ இருக்கிறன். பின்னால நிண்டு கேக்க ஒருத்தரும் இல்லை."

"போனைப் பின்னால கொண்டுபோய் வையுங்கோ. நான் கேக்கிறன்," என்றாள்.

போனை மோட்டருக்கு மேல் வைத்துவிட்டு முன்னால் போய்ச் சுவிட்சை அமத்தினேன். திரும்பி வந்தால், "டக் எண்டது. அதோட ஒரு சின்ன இரைச்சல். பொரியிற மாதிரி. ஆனால் தூரத்தில," என்றாள்.

சொலினொயிட்டுக்குக் கிட்ட வைத்தேன். "இப்பவும் தூரத்தில தான்."

தட்டுக்குக் கீழே சட்டத்தின்மேல் வைத்துவிட்டுப் போய் அமத்தினேன். நான் வந்து சேருமுன்பே போனுக்குள் கத்திக்கொண்டிருந்தாள். "இஞ்சதான், இஞ்சதான்! எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரிக் கேக்குது!"

லொறிக்குக் கீழே மல்லாக்கப் படுத்துப் போய்ப் பார்த்தேன். மோட்டரிலிருந்து வரும் தடித்த ஏர்த் வயர் சட்டத்தில் பூட்டியிருக்கும் இடம். போல்ற்றைத் தொட்டேன், சுட்டது. இடைக்கிடை கடற்கரைகளில் வள்ளம் ஏற்றி இறக்கியபோது பட்ட உப்புத் தண்ணீரில் வயரின் நுனி பச்சையாகப் பூத்து, போல்ற்றும் இளகியிருந்தது. சும்மா பார்த்தால் பூட்டித்தான் இருக்கும். பாரம் வரும்போது மின்சாரம் அதைக் கடக்கமுடியாமல் அங்கேயே பொரிந்துகொண்டிருந்திருக்கிறது.

"கண்டுபிடிச்சிட்டன்," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு வந்து, போல்ற்றைக் கழற்றிக் கத்தியால் சுரண்டத் தொடங்கினேன். போன் என் நெஞ்சின்மேல் இருந்தது. குழந்தை இப்போது குப்புறப் புரள்கிறது என்றாள். அங்கே வெயில் என்றாள். பிறகு, "இஞ்சாருங்கோ," என்று இழுத்தாள். "மகளுக்கு மாசியில திரும்ப வேலை தொடங்குது. விசாவை இன்னும் ஆறு மாசத்துக்கு நீட்டக் குடுத்திருக்கிறம். போன கிழமையே சொல்ல நினைச்சனான்."

நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன். செம்பு சிவப்பாகத் தெரிந்தபிறகும் சுரண்டினேன்.

"கேக்குதோ?"

"ஓம். கேக்குது. அங்கயே நில்லும், அவளுக்கு வேற ஆர் இருக்கினம்?"

"நீங்கள் தனிய..."

"எனக்கென்ன."

பின்னால் குழந்தை அழுதது. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள். முதுகுக்குக் கீழே ஈரம் சட்டையைக் கடந்து ஏறிவிட்டது. எழும்ப மனமில்லாமல் கொஞ்சநேரம் அப்படியே கிடந்தேன்.

போல்ற்றை இறுக்கிப் பூட்டி, பற்றரி வயரையும் கொடுத்துச் சுவிட்சை அமத்தினேன். வின்ச் முன்புபோல் உறுமிக்கொண்டு இழுத்தது. வானைத் தட்டில் ஏற்றிக் கட்டினேன். பட்டணத்தைக் கடந்து கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது நாலரை மணி.

ஜனாஸா அடக்கம் முடிந்து ஆட்கள் வீட்டு முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தார்கள். கடைக்காரர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "முகத்தைப் பார்த்திட்டன் அண்ணன். பஸ்ஸில போகச் சொன்னீங்களே, அதுதான்," என்றார். கண் சிவந்திருந்தது. வானை இறக்கிவிட்டுப் புறப்பட்டவனை விடவில்லை. சேற்றுச் சட்டையோடு ஒரு கதிரையில் இருத்தி இஞ்சித் தேத்தண்ணி தந்தார்கள். பக்கத்தில் இருந்த வயதானவர் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். மழையைப் பற்றியும் வீதியைப் பற்றியும் கதைத்தோம். அத்தனை பேருக்கு நடுவில் இருந்து நான் தேத்தண்ணி குடித்துப் பல மாதம்.

"வீட்டில ஆர் இருக்கிறாங்க?" என்று அந்த வயதானவர் கேட்டார்.

"மனிசி. இப்ப மகளோட வெளிநாட்டில."

"எப்ப வருவாங்க?"

"தையில," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், இன்னும் கொஞ்ச நாள்தானே," என்று என் தொடையில் தட்டினார்.

கடைக்காரர் லொறிவரை வந்தார். இந்தப் பக்கம் வந்தால் இந்த வீட்டுக்கு வராமல் போகக்கூடாது, மச்சானிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். கட்டாயம் வருகிறேன் என்றேன்.

இப்போது சித்திரை. அதற்குப் பிறகு இரண்டு தரம் கிண்ணியாவுக்கு வேலையாகப் போயிருக்கிறேன். இரண்டு தரமும் அந்த வீட்டு ஒழுங்கை முகப்பில் வேகத்தைக் குறைத்தேன். இறங்கவில்லை. இறங்கினால், மனிசி வந்திட்டாங்களா என்று கேட்பார்கள்.